அடுத்த 100 மெகாவோட் எங்கிருந்து? இலங்கையின் தனியார் மின் உற்பத்தி: சக்தி மூலங்களின் ஒப்பீடு

வடக்கிலும் கிழக்கிலும் காற்றாலை, சூரிய மின் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்படுகின்றன. கட்டணத் திருத்தம் வரும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. இந்த நிலையில் கருத்து எழுத முன்வரும் வாசகர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: மின்சார சபையோ, மறுசீரமைப்பின்பின் அதன் இடத்துக்கு வரும் நிறுவனமோ, அடுத்த 100 மெகாவோட்டைத் தனியாரிடமிருந்து வாங்கவேண்டியிருந்தால், அதை எந்தச் சக்தி மூலத்திலிருந்து வாங்கும்படி நாம் கேட்க வேண்டும்?

சுயாதீன மின் உற்பத்தியாளர்களின் (சபைக்கு மின்சாரம் விற்கும் தனியார் நிறுவனங்களின்) கொள்ளளவை மூலவாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணைகள் இந்தக் கேள்விக்குப் பாதி விடையைத்தான் தருகின்றன. எண்ணெய் நிலையத்தின் 100 மெகாவோட்டும் சூரியப் பூங்காவின் 100 மெகாவோட்டும் தாளில் ஒரே எண்தான். ஆனால் ஆண்டு முடிவில் அவை தரும் அலகுகளும், அவை கிடைக்கும் நேரமும், அவற்றுக்காக நாடு சுமக்கும் ஆபத்தும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. எரிபொருள் விலை ஏறினாலோ, ரூபாவின் பெறுமதி வீழ்ந்தாலோ, மழை பொய்த்தாலோ அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் நிறுத்திப் பார்ப்பதும் அதைத்தான்.

## பின்னணி

1996ஆம் ஆண்டின் வரட்சியும் அதைத் தொடர்ந்த நீண்ட மின்வெட்டுகளும் இலங்கை மின்துறையின் போக்கை மாற்றின. அதுவரை மகாவலி, லக்சபான நீர்த்தேக்கங்களையே பெரிதும் நம்பியிருந்த நாடு, விரைவாகக் கட்டக்கூடிய தனியார் எண்ணெய் நிலையங்களின் பக்கம் திரும்பியது. 1997இல் லக்தனவி, 1998இல் சப்புகஸ்கந்தவில் 51 மெகாவோட் ஏசியா பவர், 2003இல் களனிதிஸ்ஸவில் 163 மெகாவோட் டீசல் நிலையம், 2004இல் புத்தளத்தில் 100 மெகாவோட் ஹெலதனவி, 2005இல் எம்பிலிப்பிட்டியவில் இன்னொரு 100 மெகாவோட், 2010இல் கெரவலப்பிட்டியவில் 300 மெகாவோட் யுகதனவி என்று அந்த வரிசை நீண்டது.

அதே காலத்தில், ஓசையின்றி, இரண்டாவது பாதை ஒன்றும் திறந்தது. 10 மெகாவோட் வரையான புதுப்பிக்கத்தக்க நிலையங்களுக்கு ஒரே மாதிரியான நியம ஒப்பந்தம் கொண்டுவரப்பட்டது. மலையகச் சிற்றாறுகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகியது அதனால்தான். முதற்பாதையில் ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனிப் பேரமாக அமைந்தது. இரண்டாவதில் விலை எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. இந்த வேறுபாட்டின் விளைவுகளை இன்றுவரை கட்டணப் பட்டியலில் காண்கிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், கொள்ளளவைக்கொண்டு ஆண்டுக்கு உண்மையில் எத்தனை அலகுகள் கிடைக்கும் என்பது. இரண்டாவது, நேரம். இலங்கையின் மின்தேவை மாலை ஆறரை மணிக்குப் பிறகுதான் உச்சத்துக்குச் செல்கிறது. அந்த வேளையில் ஒரு நிலையம் கைகொடுக்குமா என்று கேட்க வேண்டும். மூன்றாவது, எரிபொருள், டொலர், வானிலை ஆகிய மூன்று ஆபத்துகளையும் யார் சுமக்கிறார்கள் என்பது. நான்காவது, நிலையத்தின் வேலிக்கு வெளியே ஏற்படும் செலவு: மின்கடத்தும் பாதை, உப மின்நிலையம், சேமிப்பு. இவை பெரும்பாலும் அலகு விலையில் தெரிவதில்லை, ஆனாலும் நுகர்வோரின் பட்டியலுக்கு வந்து சேர்ந்துவிடும். ஐந்தாவது, நிலமும் நீரும் அயலில் வாழும் மக்களும்.

கீழேயுள்ள அட்டவணையில் ஆண்டு அலகுகள் என் கணக்கு. எண்ணெய்க்கு 80, உயிர்த்திணிவுக்கு (விறகு போன்ற தாவர எரிபொருள்) 70, சிறு நீருக்கு 40, காற்றுக்கு 35, சூரியனுக்கு 18 சதவீதப் பயன்பாட்டைக் கொண்டிருக்கிறேன். இடத்துக்கு இடம் இவை கூடும், குறையும்.

| மூலம் | 100 மெகாவோட் ஆண்டுக்குத் தரக்கூடியது | மாலை உச்ச வேளையில் | முதன்மை ஆபத்தைச் சுமப்பவர் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| உலை எண்ணெய், டீசல் | சுமார் 70 கோடி அலகு | கேட்டவுடன் கிடைக்கும் | நுகர்வோர் (எரிபொருள், டொலர்) | ஓடாதபோதும் கொள்ளளவுக் கட்டணம், கழிவெண்ணெய் |
| சிறு நீர்மின் | சுமார் 35 கோடி அலகு | மழைக்காலத்தில் மட்டும் | உரிமையாளர் (மழை) | வற்றும் ஆற்றுப் பகுதி |
| காற்று | சுமார் 31 கோடி அலகு | சோளகக் காலத்தில் பெரும்பாலும் | விலை டொலரில் இருந்தால் நுகர்வோர் | மின்பாதை, பறவைகள், கரையோர வாழ்வு |
| சூரியன் (தரை) | சுமார் 16 கோடி அலகு | இல்லை, சேமிப்பு இருந்தாலன்றி | விலை ரூபாவில் இருந்தால் உரிமையாளர் | நண்பகல் மிகைமின், நிலம் |
| உயிர்த்திணிவு | சுமார் 61 கோடி அலகு | கிடைக்கும் | உரிமையாளர் (விறகு வழங்கல்) | விறகு சேகரிப்பும் போக்குவரத்தும் |

## உலை எண்ணெயும் டீசலும்

எண்ணெய் நிலையத்தின் பலம் மறுக்க முடியாதது. மழை, காற்று, வெயில் எதையும் பார்க்காமல் மாலை ஏழு மணிக்கு இயங்கும். சுழலும் கனத்த இயந்திரம் என்பதால் மின்வலையின் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கவும் உதவும். வரட்சி ஆண்டில் நாட்டை இருளில் விழாமல் காப்பதும் இதுவே.

விலை இரண்டு பகுதிகளாக வருகிறது. நிலையம் தயாராக இருப்பதற்கான கொள்ளளவுக் கட்டணம், அது ஒரு மணிநேரம்கூட இயங்காவிட்டாலும் செலுத்தவேண்டியது. இயக்கினால் எரிபொருளுக்கான கட்டணம் தனி. எரிபொருள் விலை ஏறினால் அது அப்படியே வாங்குபவருக்குக் கடத்தப்படும். 100 மெகாவோட் உலை எண்ணெய் நிலையம் 80 சதவீதம் இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொன் எண்ணெய் வேண்டும். அத்தனையும் டொலர். 2022இல் டொலர் தீர்ந்தபோது நடந்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை: கப்பலுக்குச் செலுத்தப் பணம் இல்லாததால் நிலையங்கள் நின்றன, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. எப்போது வேண்டுமானாலும் ஓடும் என்ற உறுதிக்காகவே நாம் கொள்ளளவுக் கட்டணம் செலுத்திவந்தோம்; அந்த உறுதி நிலையத்தின் இயந்திரத்தைப் பற்றியதே தவிர, எரிபொருளைப் பற்றியதாக ஒருபோதும் இருக்கவில்லை என்பது அப்போது விளங்கியது.

யுகதனவி நிலையம் பின்னர் இயற்கை வாயுவுக்கு மாற்றப்படும் என்ற எண்ணத்துடனேயே கட்டப்பட்டது. அதே கெரவலப்பிட்டியவில் 2024இல் இயங்கத் தொடங்கிய 350 மெகாவோட் சோபாதனவியும் வாயுவை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது. வாயுவை இறக்கும் முனையம் இல்லாதவரை "வாயுவுக்கு ஏற்றது" என்ற சொல் விலைமனுவை அழகுபடுத்துமேயன்றிக் கட்டணத்தைக் குறைக்காது. எரிபொருள் உட்கட்டமைப்பு உறுதியாகும் முன் நிலையத்துக்கு ஒப்பமிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

சூழல் செலவைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குச் சுண்ணாகமே போதும். வடக்கு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த காலத்துத் தேவைக்காக அங்கே சுமார் 30 மெகாவோட் தனியார் எண்ணெய் நிலையம் இயங்கியது. அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்து, 2015இல் நிலையம் நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரே குடிநீர். நான்கு ஆண்டு வழக்குக்குப் பின் கிடைத்த 2 கோடி ரூபாவை, எத்தனை குடும்பங்களின் கிணறுகள் அவை என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த அலகு விலையிலும் அந்தக் கிணறுகள் கணக்கில் இருக்கவில்லை.

எண்ணெய் எப்போது சிறந்த தெரிவு? புதிதாகக் கட்டும்போது அன்று. முதலீடு ஏற்கெனவே மீண்டுவிட்ட பழைய நிலையத்தை, குறைந்த கொள்ளளவுக் கட்டணத்தில், வரட்சிக் காலக் காவலாக வைத்திருக்கும்போது மட்டுமே. வரட்சி வரும்வரை காத்திருந்து அவசரக் கொள்வனவாக வாடகை இயந்திரங்களை இறக்குவது எல்லா வழிகளிலும் விலை கூடியது. அந்தத் தவறு இந்நாட்டில் ஒரு தடவைக்கு மேல் நடந்திருக்கிறது.

## சிறு நீர்மின்

தனியார் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இதுவே மூத்தது. இரத்தினபுரி, கேகாலை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் 200க்கும் மேற்பட்ட நிலையங்கள், மொத்தம் 400 மெகாவோட்டுக்கு மேல். உள்நாட்டு நிறுவனங்கள், உள்நாட்டு வங்கிக் கடன், உள்நாட்டிலேயே வளர்ந்த பொறியியல் அறிவு என்பன இதன் பெருமை. மழை பெய்யாவிட்டால் அலகு இல்லை, அலகு இல்லாவிட்டால் வருமானம் இல்லை. வானிலையின் ஆபத்து உரிமையாளருடையது.

ஆரம்பகால விலைமுறையில் ஒரு விசித்திரம் இருந்தது. அந்த அலகை எண்ணெயில் உற்பத்தி செய்யாததால் சபை தவிர்த்துக்கொள்ளும் செலவு எவ்வளவோ அதுவே விலை என்று வகுக்கப்பட்டதால், எண்ணெய் விலை ஏறும்போது தண்ணீரில் ஓடும் நிலையத்தின் அலகு விலையும் ஏறியது. பின்னர் ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் உண்மைச் செலவையும் அடிப்படையாகக் கொண்ட விலைமுறை வந்தபின்பே நீருக்கும் எண்ணெய்க்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது.

இதற்கு இரண்டு குறைகள். அணையிலிருந்து மின்நிலையம் வரை தண்ணீர் குழாய்க்குள் செல்வதால் இடைப்பட்ட ஆற்றுப் பகுதி வற்றுகிறது. வேறெங்கும் இல்லாத மீனினங்கள் வாழும் ஈரவலயச் சிற்றாறுகளில் இது சிறிய இழப்பு இல்லை. மற்றது இன்னும் முக்கியம்: சிற்றாறு வற்றும் அதே மாதங்களில்தான் அரசின் பெரிய நீர்த்தேக்கங்களும் வற்றுகின்றன. ஆகவே மிகவும் தேவைப்படும் நேரத்தில் இந்த 400 மெகாவோட் கைகொடுக்காது. நல்ல இடங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்ட நிலையில், புதிதாகக் கட்டுவதைவிட இருக்கும் நிலையங்களின் சுழலிகளைப் புதுப்பித்துக் கூடுதல் அலகு பெறுவதே பொருத்தம் என்பது என் முடிவு.

## காற்று

தனியார் காற்றாலைகள் 2010இல் கற்பிட்டிப் பக்கத்து மாம்புரியில் தொடங்கின. 2014இல் பளையில் 10 மெகாவோட் வீதம் இரண்டு நிலையங்கள் வந்தன. இவை போன்ற தனியார் காற்றாலைகள் சேர்ந்து சுமார் 150 மெகாவோட் அளவை எட்டியபோது, சபையே சொந்தமாக மன்னாரில் 103.5 மெகாவோட் தம்பபவனியைக் கட்டியிருந்தது. மன்னார், பூநகரி, பளை வழியாக ஓடும் சோளகக் காற்று தெற்காசியாவின் நல்ல காற்று வளங்களில் ஒன்று. வாடைக் காலத்தில் சிறிதளவு மீண்டும் கிடைக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை மாலை வேளைகளிலும் இரவிலும் காற்று நிற்பதில்லை என்பதால், சூரியனிடம் கிடைக்காத உதவி இதனிடம் கிடைக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, ஒரே பகுதியில் நமக்கு இரண்டு பாடங்கள் கிடைத்திருக்கின்றன. மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவோட் கட்டுவதற்கு அதானி நிறுவனத்துடன் போட்டி விலைமனு இன்றிப் பேசித் தீர்க்கப்பட்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டுகளுக்கு. விலையைக் குறைக்கும்படி புதிய அரசாங்கம் கேட்ட நிலையில், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. மறுபுறம், மன்னாரில் 50 மெகாவோட்டுக்கான போட்டி விலைமனுவில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று முன்வைத்த விலை 4.65 அமெரிக்க சதம். இரண்டு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் ஒன்றல்ல என்பதை மறக்கக்கூடாது. அப்படிக் கழித்துக்கொண்டாலும், ஒவ்வொரு 10 கோடி அலகுக்கும் 36 இலட்சம் டொலர் வித்தியாசத்துக்கு நிபந்தனைகள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. போட்டி இருந்ததா இல்லையா என்பதே பெரிய காரணம்.

டொலரில் விலை எழுதுவதன் பொருளையும் கவனிக்க வேண்டும். 8.26 அமெரிக்க சதம் என்பது டொலர் 300 ரூபாவாக இருக்கும்போது 24 ரூபா 78 சதம். 360 ரூபாவாக இருந்தால் 29 ரூபா 74 சதம். காற்றுக்கு எரிபொருள் செலவு இல்லை, ஆனால் ஒப்பந்தம் டொலரில் இருந்தால் எண்ணெயின் ஆபத்தில் பாதி வேறு வாசலால் உள்ளே வந்துவிடுகிறது. விசிறிகளும் கோபுரங்களும் இறக்குமதி என்பதால் முதலீட்டாளர் டொலர் பாதுகாப்புக் கேட்பது இயல்பே. கடன் அடையும் ஆண்டுகளுக்கு மட்டும் அதை வரையறுத்து, மிகுதியை ரூபாவில் வைப்பதே இரு தரப்புக்கும் நியாயமான வழி.

மன்னார்த் தீவு மக்கள் எழுப்பும் கேள்விகளை விலைக் கணக்கால் மூடிவிடவும் முடியாது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதையில் தீவு இருக்கிறது. அருகிலேயே வங்காலைச் சரணாலயம் உள்ளது. கோபுரங்களுக்கான மேடைகளும் வீதிகளும் வெள்ளநீர் வடிவதைத் தடுக்கின்றன என்றும், மீன்பிடி பாதிக்கப்படுகிறது என்றும் சொல்லி 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். சிறிய, தாழ்வான தீவு ஒன்றின்மேல் அடுத்தடுத்துத் திட்டங்களைக் குவிக்கும்போது, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகச் சூழல் அறிக்கை எழுதினால் மொத்தச் சுமை எந்த அறிக்கையிலும் வராது. தீவு முழுவதற்குமான ஒரே மதிப்பீடு கேட்பது அபிவிருத்திக்கு எதிரான நிலைப்பாடு ஆகாது. பெருநிலப்பரப்பில் வேறு இடங்கள் இருக்கின்றன. அங்கே மின்பாதை அமைக்கும் செலவைத் திட்டத்தின் விலையோடு சேர்த்துக் காட்டினால் ஒப்பிட்டுத் தெரிவு செய்யலாம்.

## சூரியன்

2016 முதல் அம்பாந்தோட்டை, வவுனியா, மட்டக்களப்பு மாவட்டங்களில் 10, 20 மெகாவோட் அளவிலான தனியார் சூரியப் பூங்காக்கள் வந்தன. விரைவில் கட்டலாம், பராமரிப்புக் குறைவு, விலையும் ஆண்டுக்காண்டு வீழ்கிறது. தை முதல் சித்திரை வரை, காற்றும் இல்லை, நீர்த்தேக்கமும் இறங்குகிறது என்ற மாதங்களில் வெயில் உச்சத்தில் இருக்கும். மற்ற மூலங்களின் பள்ளத்தை நிரப்பும் இந்தக் குணத்துக்கு ஆண்டுச் சராசரி எண்களில் இடமில்லாமல் போவது பெரும் குறை.

ஆனால் இன்று சூரியனின் சிக்கல் நண்பகல். கூரைகளில் மட்டும் 1,000 மெகாவோட்டுக்கு மேல் பொருத்தப்பட்டுவிட்டது. 2016இல் தொடங்கிய கூரைத் திட்டத்தில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபா என்ற உறுதியான விலை அதற்குக் காரணம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட பழுது நாடு முழுவதையும் இருளாக்கியது. தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்ததும், சுழலும் இயந்திரங்கள் குறைவாக இருந்ததும் அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை மின்வலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தன. அடுத்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை நிலையங்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது.

ஆகவே மின்கலச் சேமிப்பு இல்லாத இன்னொரு 100 மெகாவோட் சூரியப் பூங்காவின் அலகு விலை எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், அதில் ஒரு பகுதி வாங்கப்படாமலே போகலாம். வாங்காத அலகுக்கும் பணம் செலுத்தும் உறுப்புரை ஒப்பந்தத்தில் இருந்தால் அது நுகர்வோரின் இழப்பு. இல்லாவிட்டால் வங்கி கடன் தரத் தயங்கும். சேமிப்போடு கூடிய பூங்காவுக்கு அலகு விலை கூடும். அந்தக் கூடுதலை நண்பகல் விலையோடு ஒப்பிடாமல், மாலை ஏழு மணிக்கு டீசல் எரிக்கும் செலவோடு ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு.

நிலமும் சிறிதல்ல. 100 மெகாவோட்டுக்கு ஏறத்தாழ 500 ஏக்கர் வேண்டும். வடக்கு கிழக்கில் காணி உரிமைப் பிணக்குகள் தீராமல் இருக்கும்போது, மேய்ச்சல் தரையைத் "தரிசு" என்று பதிவு செய்து குத்தகைக்கு விடுவது புதிய பிணக்கை உண்டாக்கும்.

## உயிர்த்திணிவும் கழிவும்

கிளிசீடியா விறகில் இயங்கும் நிலையம் எண்ணெயைப் போலவே கேட்ட நேரத்தில் மின்சாரம் தரும், சுழலும் இயந்திரமும் கொண்டது, எரிபொருளோ உள்ளூர் வேலியில் வளர்வது. இத்தனை இருந்தும் இது சில பத்து மெகாவோட்டுக்குள் நின்றுவிட்டது. காரணம் தொழில்நுட்பம் அல்ல: ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்களிலிருந்து நாள்தோறும் விறகைச் சேர்த்து, உலர்த்தி, ஏற்றிவர ஆளும் வண்டியும் வேண்டும். 100 மெகாவோட் ஒரே இடத்தில் என்பது கற்பனை. விறகு 30, 40 கிலோமீற்றருக்குள் கிடைக்கும் இடங்களில் 5 மெகாவோட் நிலையங்களே நடைமுறை.

குப்பையில் இயங்கும் நிலையத்தை மின்விலையால் மட்டும் அளப்பது தவறு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021இல் கெரவலப்பிட்டியவில் திறக்கப்பட்ட 10 மெகாவோட் கழிவு மின்நிலையத்தை அந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதன் கூடுதல் விலை மாநகர சபைகளின் கழிவுச் செலவாகப் பதியப்பட வேண்டியது.

## எந்தச் சூழலில் எது?

மின்பாதை ஏற்கெனவே எட்டியிருக்கும் பெருநிலப்பரப்பில், போட்டி விலைமனுவில் 5 அமெரிக்க சதத்தை ஒட்டிய விலை கிடைக்குமானால், அடுத்த 100 மெகாவோட்டுக்குக் காற்றே என் முதல் தெரிவு. மன்னார்த் தீவுக்குள் என்றால், தீவு முழுவதற்குமான மதிப்பீடு வெளிவரும்வரை இந்தத் தெரிவை நான் நிறுத்திவைப்பேன்.

மாலை உச்சத்தின் டீசல் செலவைக் குறைப்பதே நோக்கமாக இருந்தால், மூன்று அல்லது நான்கு மணிநேரச் சேமிப்போடு கூடிய சூரியப் பூங்காவைக் கேட்க வேண்டும். விலைமனு அழைப்பிலேயே "மாலை 6.30 முதல் 10.30 வரை வழங்கும் அலகு" என்று வரையறுத்துவிட்டால், நண்பகல் மலிவு விலையைக் காட்டி ஒப்பந்தம் பெற முயல்வோர் தாமாகவே விலகுவர். 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கை எட்டுவதானால், இந்த வகைக் கொள்வனவு இன்றியமையாதது.

வரட்சிக்கான காப்பு தேவை என்றால், புதிய எண்ணெய் நிலையத்துக்கு இருபது ஆண்டுக் கொள்ளளவுக் கட்டணம் ஒப்பமிடாமல், காலாவதியாகும் பழைய நிலையங்களை மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு நீடித்து வைத்திருக்கலாம். குடாநாட்டில் எண்ணெய் நிலையம் எதுவானாலும் நிலத்தடி நீரைச் சுயாதீனமாகக் கண்காணிக்கும் ஏற்பாடும், முன்கூட்டியே வைப்பிலிடப்பட்ட இழப்பீட்டு நிதியும் இல்லாமல் அனுமதிக்கக்கூடாது.

ஆணைக்குழுவுக்குக் கருத்து எழுதுபவர் எந்த மூலத்தை ஆதரித்தாலும், ஐந்து விடயங்களை வெளியிடும்படி கேட்கலாம்: விலை எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு, வாங்காத அலகுக்குப் பணம் உண்டா, மின்பாதைச் செலவு யாருடையது, எத்தனை பேர் விலைமனுவில் போட்டியிட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்பே இவற்றைக் கேட்க வேண்டும். கைச்சாத்தானபின் 20 ஆண்டுகளுக்கு விடை எதுவாக இருந்தாலும் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும்.